வடகம் கருகவில்லை

சவரி, கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முட்டி வலி வழக்கம்போல் இருக்கிறது, கண் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை பாகூருக்கு வந்து உன் வீட்டில் சாப்பிட்டுப் போனவன், நேரில் சொல்லாமல் எதற்காக இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பஸ் மாறி வில்லியனூரில் இறங்குகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாலு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். இந்த முறை கிழிக்க மாட்டேன். கிழிப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம்கூட இருக்காது. பூசை முடிந்து வந்து நீயும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். செசிலி சோறு போடுவதற்கு முன்னால், கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து, கீழே சிந்தாமல் இடது கையை அடியில் ஏந்திக்கொண்டு வந்து உன்னிடம் நீட்டினாள். "உப்பு பாருங்க" என்றாள். நீ உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தாய். "எங்கம்மா வெச்சா ஒரு கல்லு கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. ஆறு மாசமா சொல்றேன், இன்னும் உனக்குக் கை வரல" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துக்கொண்டே, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாய். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். ருசி தெரிந்த அப்பா, ருசி தெரிந்த மகன் என்கிற சிரிப்பு அது. நானும் பதிலுக்குச் சிரித்தேன். நான் சிரித்ததுதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அம்மாவின் சமையலை நீ யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. நல்ல சமையல்தான். ஆனால் அந்தக் குழம்பு எப்படி அப்படி அளவு பிசகாமல் வந்தது என்பது உனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான்தான். நானும் போய்விட்டால் அது தெரியாமலே போய்விடும். நீயும் செசிலியிடம் அதையே கேட்டுக்கொண்டிருப்பாய்.

டவுனில் மதாம் வீட்டுக் குசினியில் நான் இருபது வருஷத்துக்கு மேல் சமைத்தேன் என்பது உனக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட கிழவி அவர். நம் வீட்டில் அவரைப் பற்றி நான் பெருமையாகத்தான் பேசியிருக்கிறேன். வெண்ணெயில் மீன் வதக்குவது, சூப்பில் கொழுப்பு மிதக்காமல் வடிப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். சொல்லாதது ஒன்று உண்டு. சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் மதாம் பேச மாட்டார். தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்து அரை முழம் தள்ளுவார். நான் மேசைக்குப் பக்கத்தில் துண்டைக் கையில் போட்டுக்கொண்டு நிற்பேன். தட்டு நகரும் சத்தம் கேட்டால் அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவேன். அவர் நல்லா இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தள்ளாமல் சாப்பிட்டால் நல்ல நாள். அப்படி ஒரு விரலைப் பார்த்துக்கொண்டே ஒரு மனுஷன் எத்தனை வருஷம் நிற்க முடியும்? நின்றேன். நின்றுவிட்டு, சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து, அங்கே வாங்கியதை எல்லாம் உன் அம்மாவிடம் இறக்கி வைத்தேன்.

உன் அம்மா பூரணாங்குப்பத்துப் பெண். கடலோரத்தில் பிறந்தவள். எதையும் அளந்து போட மாட்டாள். சமைக்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் சட்டியிடம் பேசுவாள். "கொதி, கொதி, அவரு வர்ற நேரமாச்சு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நாள் வாசலிலிருந்தே கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "இன்னா புஷ்பம் இது, கழனித் தண்ணியா?" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் தடவை கொஞ்சமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் தட்டையே தள்ள ஆரம்பித்துவிட்டேன். ஒரே விரலால். யாரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று அப்போது எனக்கே உறைக்கவில்லை. குடிக்கிறவனா நான், அடிக்கிறவனா? ஊரில் எவனாவது உன் அப்பாவைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல முடியுமா? நான் நல்ல புருஷன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி சொல்லப் போகிற நாளில் நீயும் இருந்தாய். உனக்கு அப்போது எட்டு வயது, தங்கச்சி மேரிக்கு ஆறு. மதாம் யாரையோ பார்க்கக் காரில் வெளியூர் போய்விட்டதால் மத்தியானமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல வெயில். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் வரும்போதே நம் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே யாரும் இல்லை. பின்கதவுக்கு வந்து பார்த்தால் முருங்கை மரத்தடியில் நீங்கள் மூன்று பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். வாளைக் கருவாட்டுக் குழம்பு. அதில் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு, தாளிப்பு வடகம் போட்டு இறக்கியிருந்தாள். தெருக்கோடி வரைக்கும் மணம் வீசியது. அம்மா சோற்றைப் பிசைந்து உங்கள் இரண்டு பேர் கையிலும் உருண்டை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது மேரி, "அப்பா மாதிரி செய்மா, இன்னொரு வாட்டி" என்றாள். அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு, மூக்கைச் சுளித்து, கரண்டியை நுனியில் பிடித்து, "இன்னா புஷ்பம் இது, கழனித் தண்ணியா?" என்றாள். என் குரலேதான். பிறகு ஒற்றை விரலால் சட்டியைத் தள்ளினாள். நீ சிரித்துச் சிரித்து மண்ணில் சாய்ந்துவிட்டாய். சாய்ந்தபோதுதான் கதவில் நின்ற என்னைப் பார்த்தாய். உன் சிரிப்பு நின்றது. உருண்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்தாய். ஏன் ஒளித்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சோற்றைத் திருடினவன் மாதிரி ஒளித்தாய்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவசரமாக எழுந்து சட்டியைத் தட்டால் மூடி, "ஒக்காருங்க, ஒங்களுக்கு வேற செய்யிறேன், கா மணி நேரம்" என்றாள். நான் அப்போது சிரித்திருக்கலாம் சவரி. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்து, எனக்கும் ஓர் உருண்டை கொடு என்று கை நீட்டியிருக்கலாம். நம் குடும்பமே வேறு குடும்பமாக ஆகியிருக்கும். நான் வீட்டுக்குள்ளே போய்த் தட்டைப் போட்டு உட்கார்ந்து, "அதையே போடு" என்றேன். போட்டாள். ஒரு வாய் சாப்பிட்டேன். என் ஆயுசில் நான் அப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதில்லை. சமையல்காரன் என்ற முறையில் சொல்கிறேன், மதாம் வீட்டில் இருபது வருஷத்தில் நான் செய்த எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. எனக்கு வந்த கோபம் அவள் என்னைக் கிண்டல் செய்ததற்கு அல்ல. நான் இல்லாதபோது இவளுக்கு இப்படிச் சமைக்க வருகிறதே, இவர்களுக்கு இப்படிச் சிரிக்க வருகிறதே என்கிற கோபம். தட்டைத் தள்ளினேன். "வடகம் கருகிப் போச்சு" என்றேன்.

கருகவில்லை சவரி. பொன்னிறத்தில் பொரிந்து மேலே மிதந்தது. நீ சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கருவலியே அப்பா" என்றாய். நான் உன்னை முறைத்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குழம்பை அவள் அதற்குப் பிறகு வைக்கவே இல்லை. நான் வீட்டில் இல்லாத நாளிலும் வைக்கவில்லை என்று மேரி கல்யாணமாகிப் போன பிறகு ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னாள். வடகம் கருகிவிட்டது என்று நான் சொன்ன மறுநாளிலிருந்துதான் அந்தக் கரண்டி வந்தது. சோறு போடுவதற்கு முன்னால் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, அடியில் கையை ஏந்தி, "உப்பு பாருங்க" என்று என் முன்னால் நீட்டுவாள். நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுப்பை அணைப்பாள். அதை நான் மரியாதை என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அவள் அளந்து போட ஆரம்பித்தாள். மிளகாய்த் தூளுக்கு ஒரு கரண்டி, உப்புக்கு ஒரு சின்னக் கரண்டி என்று எல்லாம் கணக்கு. குழம்பு ஒரு நாளும் தப்பவில்லை. அடுப்படியில் பேச்சு நின்றுபோனது. நாம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவள் நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அப்படிப் பன்னிரண்டு வருஷம். நீ அம்மா கைப்பக்குவம் என்று சொல்வது அந்தப் பன்னிரண்டு வருஷத்துச் சாப்பாட்டைத்தான். செசிலியிடம் நீ கேட்கிற குழம்பு, உன் அம்மா என்னைப் பார்த்துப் பயந்துகொண்டே வைத்த குழம்பு.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது நீ காரைக்காலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மதாமும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வீட்டோடு இருந்து அவளுக்குச் சமைத்தேன். தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். கோழி சூப்பு, பால் விட்ட கஞ்சி, வேகவைத்த மீன். இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் காலையில், "ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றாள். கேள் என்றேன். "கருவாட்டுக் கொழம்பு திங்கணும்போல கீது" என்றாள். அதைக் கேட்கக்கூட என்னிடம் பயந்தாள் பார்.

வில்லியனூர்ச் சந்தைக்குப் போய் வாளைக் கருவாடு வாங்கி வந்தேன். அத்தனை வருஷம் சமையல்காரனாக இருந்தும் எனக்கு அது வைக்கத் தெரியாது. மதாம் வீட்டில் கருவாட்டு வாசனையே ஆகாது. நம் வீட்டிலோ நான் அடுப்பைத் தொட்டதில்லை. அடுப்படி வாசலில் பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். அங்கிருந்தே சொன்னாள். "சுடுதண்ணியில போடுங்க. மண்ணு போவட்டும். மூணு வாட்டி கழுவுங்க. பூண்டத் தோலோட தட்டிப் போடுங்க, உரிக்காதீங்க." சொன்னபடி செய்தேன். அவள் சொல்லாமல் நானே செய்தது ஒன்றுதான். கை பழக்கத்தில் உப்பை அள்ளிப் போட்டேன். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை.

சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். நாலு வாய் வாங்கிக்கொண்டாள். பத்து நாளில் அவள் அவ்வளவு சாப்பிட்டதில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகுதான் நான் வாயில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் மாதிரி இருந்தது. என்னால் விழுங்க முடியவில்லை. பின்பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "கொஞ்சம் சோறு கூட பெசஞ்சா சரியாப் பூடும்" என்றாள்.

நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து ஒரு தடவைகூட வராத சொல்லை இவள் இந்தக் குழம்புக்கு இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டாளே என்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னேன். "புஷ்பம், அன்னிக்கு வடகம் கருகல."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"வெச்சது நானுதான? எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"பையன் சொன்னானே. அவனையே மொறச்சீங்க. நான் சொல்லி இன்னா ஆவப் போவுது" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. எப்போதோ முடிந்துபோன காரியத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் இருந்தாள். தினமும் அடுப்படி வாசலில் பாய் போட்டுவிடுவேன். அவள் சொல்லுவாள், நான் செய்வேன். பழையபடி பேச ஆரம்பித்தாள். பூரணாங்குப்பத்துக் கரையில் வலை இழுக்கிற ஆட்களைப் பற்றி, அவள் அம்மா சுறாப்புட்டு செய்யும்போது தெருப் பிள்ளைகள் வந்து நிற்பதைப் பற்றி, எனக்கு ஒரு நாளும் சொல்லாததெல்லாம் சொன்னாள். ஒரு நாள் நான் வெண்டைக்காயைக் கூழாக்கிவிட்டேன். தலையணையில் சாய்ந்தபடியே மூக்கைச் சுளித்து, என் குரலில், "இன்னா புஷ்பம் இது" என்று தொடங்கினாள். மூச்சு வாங்கியது, முடிக்க முடியவில்லை. நான் முடித்து வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று கேட்டால் அந்த நாற்பது நாள் என்றுதான் சொல்லுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அடக்கத்துக்கு வந்தபோது நீ என் தோளில் சாய்ந்து, இனிமேல் அம்மா கைக்குழம்பு கிடைக்காதே அப்பா என்று அழுதாய். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருஷம் தள்ளிப் போட்டேன். அதன் பலனைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் பார்த்தேன். அந்தக் கரண்டியை நீட்டும்படி செசிலியிடம் சொன்னது யார்? நீ சொல்லியிருக்க மாட்டாய். உன் அம்மாவிடம் நானும் சொல்லவில்லை. அது தானாக வருகிறது சவரி. பயம் வந்தால் கை தானாக நீளும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நீ கண்ணயர்ந்தாய் அல்லவா? நான் தண்ணீர் குடிக்கலாம் என்று பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் செசிலி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த சொம்பைச் சேலைக்குள் மறைத்தாள். "இன்னாம்மா அது?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா" என்றாள். பிறகு மெதுவாக, "கேவுறு கூழு. எங்க குருவிநத்தத்துல தெனமும் குடிப்போம். அவருக்குப் புடிக்காது, இதெல்லாம் மனுஷன் குடிப்பானான்னுவாரு. அதான் அவரு படுத்தப்பறம்" என்றாள். மூலையில் ஒரு கூடையைக் கவிழ்த்து அதற்கடியில் கேழ்வரகுக் கூழ்ப்பானையை வைத்திருந்தாள். சொந்த வீட்டில், தன் கையால் காய்ச்சிய கூழை, ஒளித்து வைத்துக் குடிக்கிறாள்.

"எனக்கும் ஒரு சொம்பு குடு" என்றேன். நம்ப முடியாமல் பார்த்தாள். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். அவள் பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்து குடித்தேன். வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தது, இருந்தாலும் குடித்தேன். நன்றாக இருந்தது. "நல்லா இருக்குதுமா" என்றேன். "நெஜமாவா மாமா?" என்றாள். நிஜமாக என்றேன். அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். புளிக்க வைப்பதற்கு எத்தனை நேரம், நொய்யை எப்போது போட வேண்டும் என்று கால் மணி நேரம் விடாமல் பேசினாள். இந்த ஆறு மாசத்தில் உன் மனைவி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா?

சமைக்கக் கற்றுக்கொள், அவளுக்கு ஒத்தாசை செய் என்றெல்லாம் எழுத நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாற்பது நாள் அடுப்படியில் நின்றவன் பன்னிரண்டு வருஷத்தைச் சரிக்கட்டிவிட முடியாது. உனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகியிருக்கிறது, அதை மட்டும் நினைத்துக்கொள். கூழ் பிடிக்கவில்லை என்றால் குடிக்க வேண்டாம். அந்தப் பானை உன் வீட்டு அடுப்படியில் திறந்து இருக்கட்டும்.

நான் சொம்பைக் கழுவிக் கொடுத்தபோது செசிலி வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "மாமா, அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். வாக்குத் தவறியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். நீ கேட்க வேண்டியதை, நான் வருவதற்கு முன்னால் நீ கேட்டுவிடு.

அப்பா